உபின் தீவில் உன் அம்மாவுக்கு வைத்த சோறு

செல்வா,

நேற்று முழுவதும் நீ குளியலறையில் உட்கார்ந்து, ஒரு பழைய பல் பிரஷ்ஷை வைத்துக் கூடாரத்தின் ஆணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் கூடத்தில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "மண்ணு ஒட்டியிருந்தா பெர்த் ஏர்போர்ட்ல விடமாட்டாங்கப்பா. ஒரு விதை இருந்தாக்கூட பிரச்சினைலா" என்றாய். ரேணு உன் பூட்ஸைக் கவிழ்த்து வைத்து, அடிப்பள்ளங்களில் ஊக்கால் குத்திக் குத்தி எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய நாடு ஒரு சிட்டிகை மண்ணுக்குப் பயப்படுமா? கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சிட்டிகை மண் ஒரு காட்டைக் கெடுக்கும் என்றால், ஓர் இலை நிறையச் சோறு என்னதான் செய்யாது? உபினில் நடந்ததைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயும் ரேணுவும் பெர்த்துக்கே குடிபோகக் கிளம்புகிறீர்கள். நான் பேச்சை எடுத்தால் நீ "விடுங்கப்பா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத்து கற்றுக்கொண்டதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் உனக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவில் ரயிலை விட்டு இறங்கினால் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பலகையையும் விடமாட்டேன். நகைக்கடை, மளிகைக்கடை, இங்கே சைக்கிள் நிறுத்தாதீர்கள் என்பது வரை எல்லாமே ஒன்றுபோல இனிக்கிறது. லாரி ஓட்டிய காலமெல்லாம் இதே தெருக்களில் இந்தப் பலகைகளை வெறும் நிறங்களாகப் பார்த்துக்கொண்டு போனவன் நான். படிப்பது வேகமாக வந்துவிட்டது. எழுதுவதுதான் மெதுவாக வருகிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் காப்பி ஆறிப்போகிறது. அதிலும் ஒரு நன்மை இருக்கிறது. கோபத்தோடு ஆரம்பிக்கும் வாக்கியம், முடிவதற்குள் கோபம் தணிந்துவிடுகிறது. அன்றைக்கு உபினில் நான் வாயால் பேசியதை எழுத்தால் பேசியிருந்தால் நமக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

காக்கைக்குச் சோறு வைப்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உன் அம்மா இருந்தவரை அமாவாசைக்கு அவள்தான் வைப்பாள், அவளைப் பெற்றவர்களுக்காக. சமையல் முடிந்ததும் யாரும் தொடுவதற்கு முன்னால் ஒரு துண்டு இலையில் சோறு, பருப்பு, நெய், ஒரு வடை. காகம் வந்து தொட்ட பிறகுதான் நமக்கு. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியோடு நின்று, "காக்காவுக்கு டாக்ஸி கிடைக்கல போலம்மா, நாம ஆரம்பிப்போம்" என்று சொல்லி கரண்டியால் அடி வாங்கியிருக்கிறாய். அவள் போன பிறகு அவளுக்காக நான் வைக்க ஆரம்பித்தேன். ஈசூன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கழிகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தட்டு. காகம் ஒன்று வந்தால் கூடவே மைனாவும் புறாவும் கூட்டமாக வரும். கீழ்வீட்டு லிம் ஆன்ட்டி ஒருநாள் லிஃப்ட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், உங்க விருந்தாளிங்க சாப்பிடறது உங்க வீட்ல, ஆய் போறது என் பெட்ஷீட்லயா?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம். நீயும், "பறவைக்குத் தீனி போட்டா ஃபைன்பா, சட்டமே இருக்கு" என்றாய். நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகு ஒவ்வோர் அமாவாசையும் முதல் உருண்டையை எடுக்கும்போது, அவளைப் பார்க்க வைத்துக்கொண்டு நான் மட்டும் சாப்பிடுவது போல இருக்கும்.

அப்போதுதான் நீ உபினுக்குக் கூப்பிட்டாய். "அமாவாசைக்குப் போவோம்பா. இருட்டா இருக்கும், நட்சத்திரம் நல்லாத் தெரியும்" என்றாய். நீ நட்சத்திரத்தை நினைத்தாய், நான் காகத்தை நினைத்தேன். அங்கே கீழ்வீடு இல்லை, காயும் பெட்ஷீட் இல்லை, லிஃப்ட்டில் மடக்கிக் கேட்க ஆள் இல்லை. ஊருக்குள் கூடாதது காட்டில் கூடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். காடு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்றுதான் என் மனதில் இருந்தது. தேக்கா சந்தையில் ஒரு நல்ல வாழை இலையும், எதிர்க்கடையில் உளுந்து வடையும் வாங்கினேன். இலை கிழியாமல் இருக்க என் கைலிக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டேன். ஒளித்து வைக்கவில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் ஒளித்துத்தான் வைத்தேன்.

அந்த முதல் நாள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை. சாங்கியிலிருந்து படகு கிளம்பியதும் ரேணு என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடுவேன் என்று. நான் பிடித்துக்கொண்டது அவள் விழாமல் இருக்க. கடற்கரையில் நீ கூடாரம் அடிப்பதைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளை இதையெல்லாம் எங்கே கற்றான் என்று ஆச்சரியமாக இருந்தது. உன்னிடம் எத்தனை சட்டங்கள்! சாப்பாட்டை மூடிபோட்ட கெட்டிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் கூடக் கூடாது. தரையில் தீ மூட்டக் கூடாது. கொடி கட்ட மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. சுள்ளி ஒடிக்கக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது. தட்டைக் கடலில் கழுவக் கூடாது, முதலில் துடைத்து, துடைத்த தாளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். "ஏன்டா, நம்ம வீட்லயே நீ இவ்வளவு சுத்தமா இருந்ததில்லையேடா!" என்றேன். ரேணு விழுந்து விழுந்து சிரித்தாள். "அதைக் கேளுங்க மாமா! வீட்ல சாக்ஸை எங்க போடுறார்னு கேளுங்க" என்றாள். அங்கே நான்கு மொழியில் ஒரு பலகை இருந்தது. அதன் தமிழை நான் சத்தம் போட்டுப் படித்தேன். விலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள். ஓர் எழுத்தும் தடுக்கவில்லை. ரேணு கை தட்டினாள். பலகைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி நீ படம் எடுத்தாய். அந்தப் படத்தில் நான் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

படித்தேன், புரிந்தது, மறுநாள் காலையிலேயே சோறு வைத்தேன். இது எப்படி நடந்தது என்று நீ கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பாய். நான் சட்டத்தை மதிக்காதவன் இல்லை. என் மனதில் அது சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. குரங்குக்கு வேர்க்கடலை எறிவது உணவளிப்பது. நாய்க்கு ரொட்டி போடுவது உணவளிப்பது. அமாவாசைச் சோறு அப்படியா? அதைக் காகம் சாப்பிடுகிறது என்று நாம் யாராவது நினைக்கிறோமா? அது உன் அம்மாவின் பங்கு. காகம் வெறும் கை. இப்படித்தான் நான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். எந்தப் பாதி சரி என்றுதான் தெரியவில்லை.

விடிந்தபோது நீங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உன் சின்ன அடுப்பில் சோறு வைத்துப் பருப்பைக் குழைய வேகவைத்தேன். கூடாரங்களுக்குப் பின்னால் இருந்த பெரிய வாதுமை மரத்தடியில் இலையை விரித்து, சோற்றைக் குவித்து, நெய்யை ஊற்றி, இரண்டு வடையை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்ட உடனே வந்தது, செல்வா. அந்தக் காகம் சோற்றைத் தொடவில்லை, வடையைத்தான் முதலில் கொத்தியது. உன் அம்மாவே உட்கார்ந்து சாப்பிட்டது போல இருந்தது. வடை இருந்தால் அவள் சோற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டாள், நினைவிருக்கிறதா? எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், புதர் அசைகிறது. ஒரு காட்டுப்பன்றி. பின்னால் வரிவரியாகக் கோடு போட்ட குட்டிகள். காகம் பறந்துவிட்டது. பன்றி நேராக வந்து சோற்றையும் பருப்பையும் நெய்யையும் தின்று, கடைசியில் இலையையும் மென்றது. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. பிள்ளைக்காரி பசியோடு வந்திருக்கிறாள், சாப்பிடட்டும் என்றுதான் தோன்றியது. உன்னைக் கத்திக் கூப்பிட்டேன்.

"செல்வா, சீக்கிரம் வாடா, யார் வந்திருக்கான்னு பாரு!"

நீ வெளியே வந்து பன்றியைப் பார்த்தாய், இலையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் இருந்த தூக்கம் அப்படியே போனது.

"அப்பா, பின்னால வாங்க. ஓடாதீங்க. மெதுவா."

"ஒண்ணும் செய்யாதுடா. சாப்பிட்டுட்டுப் போயிடும்."

"போகாதுப்பா. இனிமேதான் போகாது."

நீ சொன்னதுபோலவே ஆயிற்று. அவள் போகவில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துவிட்டு, ஆங் மோ கியோவிலிருந்து வந்து நமக்குப் பக்கத்தில் முகாமிட்டிருந்த ஒரு சீனக் குடும்பத்தின் கூடாரத்துக்குப் போனாள். அவர்கள் ரொட்டிப் பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். துணியைக் கிழித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். அந்த அம்மாள் அலறிக்கொண்டு வெளியே ஓடி, கயிறு தடுக்கி விழுந்து, மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். நீ பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் எழுப்பிய பிறகுதான் பன்றி ரொட்டிப் பையோடு புதருக்குள் போனது, குட்டிகள் பின்னாலேயே ஓடின. ரேணு அந்த அம்மாளுக்குக் கட்டுப்போட்டாள். நர்ஸ் வீட்டில் இருப்பது நல்லது என்று நான் ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பித்தாய்.

"இனி அது டென்ட்டைப் பாத்தாலே சோறுன்னு நினைக்கும்பா. ஒருநாள் யாரையாவது கடிக்கும். கடிச்சா அதைக் கொன்னுடுவாங்க. குட்டிங்க என்ன ஆகும்? உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

"நான் உங்கம்மாவுக்குத்தான்டா வச்சேன்."

"அம்மா இங்க இல்லப்பா!"

அது உன் வாயிலிருந்து வந்ததும் நீயே பயந்துவிட்டாய். பார்த்தேன். ஆனாலும் சொல்லிவிட்டாய். பிறகு பலகையில் இருந்த எண்ணுக்கு நீயே கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாய். பெற்ற அப்பனைப் பிடித்துக் கொடுக்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தீவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ரஹீம் சைக்கிளில் வந்தார். நாங்கள் மலாயில்தான் பேசினோம். மலாயில் பெரியவர்களை மரியாதையாகப் பக்சிக் என்பார்கள். "பக்சிக், அந்தப் பலகையைப் படிச்சீங்களா?" என்று கேட்டார். "படிச்சேன். நல்லாவே படிச்சேன்" என்றேன். அவர் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எச்சரித்துவிட்டு, போகும்போது மெதுவாகச் சொன்னார். "இன்னும் சில தடவை அவ இங்கே வந்து சாப்பாடு எடுத்துட்டான்னா என் கையில ஒண்ணும் இல்ல பக்சிக். பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. பிடிச்சுட்டுப் போனா திரும்பி வரமாட்டா."

திரும்பி வந்த படகில் நாம் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. எனக்குள் மட்டும் பேச்சு நிற்கவே இல்லை. நீ சொன்னது சரி என்று வைத்துக்கொள்கிறேன். அம்மா அங்கே இல்லை. அப்படியென்றால் யாருக்காக நான் ஒரு பிள்ளைக்காரியின் உயிரைக் கொண்டுபோய் அபாயத்தில் வைத்தேன்? நீ சொன்னது தப்பு என்று வைத்துக்கொள்கிறேன். அவள் அங்கே வந்தாள், வடையைக் கொத்தினாள். அப்படியென்றால் அவளைச் சாப்பிட அழைத்து, பாதியில் பன்றி துரத்த விட்டுவிட்டேன். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அந்தப் பன்றி உயிரோடு இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை தேக்காவுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறிச் சாங்கிக்குப் போனேன். அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள். "தேக்காவுல அப்படி என்னப்பா இருக்கு?" என்று நீ கேட்டாய். "காய் மலிவு" என்றேன். வெறுங்கையோடு திரும்பி வந்ததை நீ கவனித்ததாகத் தெரியவில்லை, ரேணு கவனித்தாள். முதல் தடவை ரஹீம் என்னைப் பார்த்ததும் என் பையைத்தான் பார்த்தார். "இலை இல்ல, திறந்து பாருங்க" என்றேன். பன்றி உயிரோடு இருக்கிறாள், ஆனால் மறுபடியும் வந்து ஒரு பையைக் கிழித்துவிட்டாள் என்று சொன்னார். முகாமிட வருகிறவர்கள் ஒரு பருக்கைகூட விட்டுப்போகாமல் இருந்தால், இது சோறு கிடைக்கும் இடம் என்பதை அவள் மெதுவாக மறந்துவிடுவாள், மறந்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார். "அவங்க விட்டுட்டுப் போறதை யார் எடுக்கிறது?" என்று கேட்டேன். சனிக்கிழமை சில தொண்டூழியர்கள் வருவார்கள் என்றார். நானும் வருகிறேன் என்றேன். ஒரு நீண்ட இடுக்கியும் ஒரு பையும் கொடுத்தார்.

மனிதர்கள் ஒரு கடற்கரையில் விட்டுப் போவதை நீ அறிவாய், நான் அறிந்திருக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, செல்வா. அதுதான் என்னைக் குழப்புகிறது. இறைச்சி சுட்டுத் தின்ற சாத்தே குச்சிகளை மண்ணில் செருகிவிட்டுப் போகிறார்கள், மரம்தானே, மக்கிவிடும் என்று. அதில் சாஸ் ஒட்டியிருக்கிறது, அதைத் தேடி அவள் வருகிறாள். மீன் தோலைப் புதருக்குள் எறிகிறார்கள், பூனையோ நண்டோ தின்னட்டும் என்ற இரக்கத்தில். ஒருவர் தூண்டில் நரம்பை வேர்களுக்கு நடுவே விட்டுப் போயிருந்தார். அதில் ஒரு கொக்கின் கால் மாட்டியிருந்தது, ரஹீம் நரம்பைக் கத்தரிக்கோலால் வெட்டி அதை விடுவித்தார். கரியை அணைப்பதாக நினைத்து மணலுக்குள் புதைக்கிறார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த நான் அதில் மிதித்தேன். வெந்நீர் பட்டது என்று உன்னிடம் சொன்ன காலின் கொப்புளம் அதுதான். தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகு, பையில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். இதை நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். உன் சட்டங்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்று என் காலும் கையும் முதுகும் கற்றுக்கொண்டன. ஒரு சனிக்கிழமை மூன்று வாழை இலைத் துண்டுகளும் கிடைத்தன. யாரோ நம்மவர்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இலையை எடுத்துப் பையில் போட்டேன், சோற்றைக் கையால் வழித்து எடுத்தேன். யாருடைய அம்மாவுக்கோ வைத்த சோறு.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. ஓர் அமாவாசை சனிக்கிழமையில் வந்தது. வீட்டில் சமைத்து டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதே. வைக்கக் கூடாது என்று தெரியும், சமைக்காமல் இருக்கவும் முடியவில்லை. வேலை முடிந்து அதே வாதுமை மரத்தடியில் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு காகம் தாழ்ந்த கிளைக்கு வந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு தரையில் இறங்கி, தத்தித் தத்தி என் கால் பக்கம் வந்தது. பின்னால் புதரில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஒரு பருக்கை போதும், அவளும் குட்டிகளும் வந்துவிடுவார்கள். நான் எழுந்து, கையைத் தட்டி, "போ! போ அந்தப் பக்கம்! ஒண்ணும் இல்ல, போ!" என்று கத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் அம்மாவை நான் போ என்று சொன்னதே இல்லை, செல்வா. அவள்தான் என்னைச் சொல்வாள். காகம் பறந்து போனது. ரஹீம் ஓடி வந்தார்.

"பக்சிக், யாரைத் திட்டுறீங்க?"

"என் பொண்டாட்டிய."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அமாவாசை, காகம், வடை, லிம் ஆன்ட்டியின் பெட்ஷீட் எல்லாம். கேட்டுவிட்டுக் கேரியரைப் பார்த்தார். "உள்ளே என்ன இருக்கு? இறைச்சி இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எனக்குப் பசிக்குது" என்றார். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சின்ன அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, இருவரும் சாப்பிட்டோம். உன் அம்மாவின் பங்கை அவருக்கு வைத்தேன். அவர் சோற்றைத் தொடாமல் முதலில் வடையைத்தான் எடுத்தார். நான் எச்சில் கையோடு அழுதேன். "ரொம்பக் காரமா பக்சிக்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா? நான் கேட்காத ஆள் இல்லை. கோயில் அர்ச்சகர், பசித்த மனிதருக்குக் கொடுத்தால் போதும், தாராளமாகச் சேரும் என்றார். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அம்மாள், காகம் தொடாவிட்டால் கணக்கே இல்லை என்றார். லிம் ஆன்ட்டியிடமும் கேட்டேன். "சாமி முன்னால மேசையில வை, ஊதுபத்தி கொளுத்து, அப்புறம் நீயே சாப்பிடு. நாங்க அப்படித்தான். பெட்ஷீட்டும் சுத்தமா இருக்கும்லா" என்றார். மூவரும் ஒரே உறுதியோடு சொல்கிறார்கள். எனக்கு மட்டும் உறுதி வரவில்லை. உறுதி இல்லாமலே இப்போது செய்துகொண்டிருக்கிறேன். அமாவாசைக்கு ஒரு பங்கைக் கட்டிக் கீழ்வீட்டுக்கு அனுப்புகிறேன். லிம் ஆன்ட்டி கேரியரில் ஆரஞ்சு வைத்துத் திருப்பி அனுப்புகிறார்.

பெர்த் பக்கம் பெரிய காடுகள் இருக்கின்றன, விடுமுறைக்கெல்லாம் கூடாரத்தோடு போவோம் என்று ரேணு சொன்னாள். போங்கள். உனக்கு நான் காட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நீதான் எனக்குச் சொன்னவன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கூடாரத்தில் யாராவது எதையாவது வைத்தால், எறிந்தால், புதைத்தால், அவரைத் தடுத்துவிடு. தடுத்த பிறகு, எதற்காக வைத்தீர்கள் என்று உட்கார்ந்து கேள். சட்டத்தை முதலில் சொல், பலகையைக் காட்டு, அதிகாரியைக் கூப்பிட வேண்டுமானால் கூப்பிடு. அன்றைக்கு நீ கூப்பிட்டது சரிதான், அதை இப்போது சொல்லிவிடுகிறேன். நீ கூப்பிடாமல் மறைத்திருந்தால் ரஹீமுக்குத் தெரிந்திருக்காது, அந்தக் கடற்கரையை யாரும் துடைத்திருக்கமாட்டார்கள், அவள் இந்நேரம் செத்திருப்பாள். ஆனால் கேட்கவும் கேள். தவறு செய்கிறவன் கையில் சில நேரம் அவனுடைய வீட்டு ஆள் ஒருவர் இருக்கிறார். அம்மா இங்க இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் பார்.

நேற்று மாலை ரஹீம் போன் செய்தார். "வரல பக்சிக். ரொம்ப நாளா வரல. உள்காட்டுல அவ மூக்கால தோண்டின குழியைப் பாத்தேன், பக்கத்துலயே குட்டிங்க காலடி. கிழங்கு தோண்டித் திங்கறா. நம்மளை மறந்துட்டா. நல்ல சேதி" என்றார். போனை வைத்துவிட்டு, குளியலறையில் இருந்த உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. கதவு வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். சந்தோஷத்தோடு வழக்கம்போலக் குழப்பமும். காகம் வராவிட்டால் நம் வீட்டில் அது கெட்ட சேதி, யாருக்கு என்ன கோபமோ என்று உன் அம்மா தவித்துப்போவாள். பன்றி வராவிட்டால் அது நல்ல சேதியாம். நமக்குப் பிரியமானது நம்மைத் தேடி வராமல் இருப்பதுதான் அதற்கு நல்லது என்று இந்த வயதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பன்றிக்கு ஒப்புக்கொண்டேன். காகத்துக்கும் ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மா விஷயத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவசரப்படுத்தாதே.

உன் விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. அங்கே வேலை இருக்கும், வீடு இருக்கும், ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஆகிவிடும், எங்களை மறந்துவிட்டு நன்றாக இருக்கிறான், நல்ல சேதி என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சோறு இனிமேல் வெளியே இருக்காது. வீட்டுக்குள்ளே மேசைமேல் இருக்கும். நீ வா.

அப்பா